சிவப்புத் தெரிந்த பள்ளம்

ஒரு சாமான் தன் இடத்தில் இல்லையென்றால் அந்த இடம் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று பிரியந்திதான் யோசித்தாள். அங்கிருந்துதான் இதைச் சொல்லத் தொடங்க வேண்டும், பிள்ளைகளே. கெட்டிக்காரப் பிள்ளை, ஆசையோடு செய்த காரியம் அது. இப்படி வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்?

பிரியந்தி டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஹட்டன் நகரத்தில் ஒரு ஸ்டிக்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பஸ் கண்ணாடியில் சாமி பெயர் ஒட்டியிருப்பார்களே, ஆட்டோவின் பின்னால் பிள்ளைகளின் பெயர் எழுதியிருப்பார்களே, அந்த வேலை. கணினியில் எழுத்தை வரைந்து அனுப்பினால், பக்கத்து மேசையில் இருக்கிற மெஷின் சின்னக் கத்தி ஒன்றை இங்கும் அங்கும் ஓட்டி, ஸ்டிக்கர் தாளை அந்த எழுத்தாகவே வெட்டித் தரும். கடைக்காரர் துரைராசா யாழ்ப்பாணத்து மனிதர். சண்டைக்குப் பயந்து மலைக்கு வந்து, ஹட்டன் குளிரோடு சமாதானமாகி உட்கார்ந்தவர்.

பிரியந்திக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவன் மதுரன். பக்கத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருக்கிற காளியாயியின் ஒரே மகன். தகப்பன் கந்தப்பன் போய்ச் சேர்ந்த பிறகு, கொழுந்து பறித்தே அவனை வளர்த்தவள் காளியாயி. பையன் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் பழகி, கையில் தொழிலோடு கொழும்புக்குப் போனான். உடுப்புத் தைக்கிற கம்பனிகளில் மெஷின் பழுது பார்க்கிற ஒரு முதலாளியிடம் வேலை. தை பிறந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், லீவில் வந்தவன் தன் இரும்புப் பெட்டியைக் கடைக்குத் தூக்கி வந்து காட்டினான். இழுப்பறைகள் வைத்த நல்ல பெட்டி. உள்ளே பார்த்தால் ஸ்பேனர், குறடு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

"கோழி கெளறுன குப்பை மாதிரில்ல இருக்கு மச்சான்" என்றாள் பிரியந்தி.

"நாலு பேரு வேலை செய்ற எடம். யாரு எதை எடுத்தா, எங்க வச்சான்னு தேடியே பாதி நாள் போயிருது" என்றான் அவன்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொரு சாமானையும் ஸ்கேனர் கண்ணாடிமேல் கிடத்திப் படம் எடுத்தாள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் உன் சம்பளத்தில்தான் பிடிப்பேன் என்று துரைராசா முணுமுணுத்தார். ஆனால் அடியில் விரிக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தந்தவரும் அவர்தான். கணினித் திரையில் சாமானைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு வரைந்தாள் பிரியந்தி. சாமான் இறுகாமல் உட்கார்ந்து எழும்ப வேண்டுமே, அதனால் கோட்டை ஒரு நூல் அகலம் வெளியே தள்ளினாள். விரல் விட்டு எடுக்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அரைவட்டம் வைத்தாள். இழுப்பறையின் நீள அகலத்துக்குள் எல்லாவற்றையும் திரையில் நகர்த்தி நகர்த்தி அடுக்கி, ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் பெயரை எழுதினாள். பிறகு மெஷினுக்கு அனுப்பி ஸ்டிக்கரில் வெட்டி எடுத்து, செருப்புத் தைக்கிற கறுப்பு ரப்பர் ஷீட்டில் ஒட்டி, கோடு பிசகாமல் பிளேடால் அறுத்து, ஸ்டிக்கரைப் பெயரோடு உரித்து எடுத்தாள். கறுப்புக்கு அடியில் ஒரு சிவப்பு ஷீட்டை வைத்து ஒட்டினாள். சாமான் இருந்தால் கறுப்பு. இல்லையென்றால் சிவப்பு.

டிரில் மெஷின் மட்டும் பருமன், ஸ்கேனரில் கிடக்கவில்லை. அதை அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அந்த அட்டையை ஸ்கேன் செய்தாள். ஆழமான அடி இழுப்பறையில், பல ஷீட்டுகளை ஒன்றாக ஒட்டி, அதற்கு ஒரு பள்ளம். முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் வளைந்து இறங்குகிற பிடி. விரல் விடுகிற அரைவட்டம் பிடியின் மடிப்பில் வந்து விழுந்தது. முதல் சம்பளத்தில் மதுரன் வாங்கிய மெஷின் அது. அதைப் பள்ளத்தில் வைத்து அவன் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். சின்னப் பிள்ளை மாதிரி.

அறுத்தெடுத்த ரப்பர் துண்டுகளைப் பார்த்த காளியாயி, டிரில் மெஷின் உருவத்தில் இருந்த பெரிய துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அறுக்கும் அல்லவா? துணிக்குள் வைத்துக் கயிற்றுக்கு அடியில் கொடுத்துக்கொள்ள மெத்தென்று இருக்கும் என்றாள்.

சரஸ்வதி பூசைக்கு லயத்துக் காம்பிரா அறையில் படம் வைத்து, அதன் முன்னால் அவரவர் தொழில் சாமானை வைப்பது நம் வழக்கம். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, கூடை, பள்ளிக்கூடத்துப் புத்தகம், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வைத்ததை மறுநாள் விடிந்து, மறுபூசை முடிந்த பிறகுதான் கையால் தொடலாம். மதுரன் பெட்டியைத் திறந்து எல்லாச் சாமானையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தான். காளியாயி டிரில் மெஷினைச் சாமி காலடியில் வைத்து, செவ்வந்தி மாலை ஒன்றையும் அதற்குப் போட்டாள்.

கற்பூரம் அணைந்த கொஞ்ச நேரத்தில் டெலிபோன் வந்தது. கொழும்பு முதலாளி. ஏதோ கம்பனியில் மெஷின்கள் நின்றுவிட்டன, விடியும்போது நீ இங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றாராம். மதுரன் சாமான்களை எடுக்கக் குனிந்தான். காளியாயி பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். சாமியிடம் வைத்ததை அன்றைக்கே எடுத்தால் தொழில் நிலைக்காது என்பது அவள் நம்பிக்கை. அவன் வேலை போய்விடும் என்கிறான். இவள் சாமி கோபிக்கும் என்கிறாள். கடைசியில் இருவரும் ஒரு வழிக்கு வந்தார்கள்.

"எல்லாத்தையும் எடுத்துக்க சாமி. மாலை போட்டதை மட்டும் விட்டுட்டுப் போ. ஒன்னாவது இருந்தா பூசை முறியாது" என்றாள் காளியாயி. மகனை அவள் சாமி என்றுதான் கூப்பிடுவாள்.

"சாமி செவுத்துல ஓட்டை போடப் போவுதா?" என்று சிரித்தான் மதுரன். முதலாளியிடம் பெரிய டிரில் மெஷின் ஒன்று இருந்தது. கொஞ்ச நாளை அதை வைத்து ஓட்டலாம். அடுத்த வாரம் யாராவது வரும்போது கொடுத்து அனுப்பு என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்திரிக் கோச்சியைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு ஓடினான்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். கொழும்புக்குள் சந்திக்குச் சந்தி சோதனை. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தால் இன்னும் கொஞ்சம் சோதனை. கோச்சியை விட்டு இறங்கி மதுரன் ஏறிய பஸ்ஸை ஒரு சந்தியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேல் இழுப்பறைகளைப் பார்த்த இராணுவப் பையன், அவனும் மதுரன் வயதுதான், அழகாக இருக்கிறதே என்று சிங்களத்தில் சொன்னானாம். பிறகு அடி இழுப்பறையை இழுத்தான்.

கறுப்பு ரப்பரின் நடுவில், பளிச்சென்ற சிவப்பில், ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது. துப்பாக்கி இல்லை, பிள்ளைகளே. அது இருக்கிற இடம். மூக்கு, பிடி, விரல் நுழைகிற வளைவு, எல்லாம் சரியாக.

இது என்ன என்று கேட்டார்கள். மதுரனுக்கு நல்ல சிங்களம் வரும்.

"டிரில் எகே தென, மாத்தயா." டிரில் மெஷினின் இடம் என்றான்.

அப்படியானால் டிரில் எங்கே என்று கேட்டார்கள்.

வீட்டில் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பழுது என்று சொல்லியிருக்கலாம். மதுரன் உண்மையைச் சொன்னான்.

"தெய்யோ லங்க, மாத்தயா." சாமியிடம் இருக்கிறது என்று.

முதலில் சிரித்தார்களாம். வேலைக்குப் போகிறவன், வேலை செய்கிற சாமானைச் சாமியிடம் விட்டுவிட்டு, அதன் வெறும் இடத்தைப் பூட்டித் தூக்கிக்கொண்டு வருவானா? அவன் பூசையைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர்களின் சிரிப்பு குறைந்தது. பஸ் போய்விட்டது. மதுரன் போகவில்லை.

செய்தி வந்தபோது காளியாயி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பாதிக் கூடையோடு இறங்கி வந்து, சாமிப் படத்தின் முன்னால் இருந்த டிரில் மெஷினை எடுத்துத் துணியில் சுற்றினாள். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதானே என்று பிரியந்தியிடம் சொன்னாள். பிரியந்தியும் அப்படித்தான் நம்பினாள். சாமான் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது. வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வைத்துப் பார்க்க ஆள் இல்லை. கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் அவன் இங்கே இல்லை என்றார்கள். இன்னொன்றில் பெட்டி இங்கே இல்லை என்றார்கள். வாசலில் நின்ற வயதான சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர், காளியாயி துணியை அவிழ்ப்பதைப் பார்த்து, அம்மே, இதை இப்படிச் சுற்றிக்கொண்டு கொழும்பில் நடக்காதீர்கள், உங்களையும் சேர்த்துப் பிடிப்பார்கள் என்று தணிந்த குரலில் சொல்லி அனுப்பினார். அதன் பிறகு காளியாயி அதைத் துணியில் சுற்றவில்லை. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை ஒன்றில் போட்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் மடியில் வைத்துக்கொள்வாள்.

மதுரனைத் தடுத்து வைத்திருக்கிற இடம் தெரிய வந்து, ரஜனி என்ற சட்டத்தரணி வழக்கைப் பார்க்க ஒத்துக்கொண்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பள்ளத்தை வெட்டின படம் கணினியில் இருக்கிறதா என்பதுதான். எந்தத் தேதியில் வரைந்தது என்று கணினி காட்டும். கீழே டிரில் என்று பெயரும் எழுதியிருக்கிறது. அது போதும் என்றார். பிரியந்தி உயிர் வந்ததுபோல் ஹட்டனுக்கு ஓடிவந்து கணினியைப் போட்டாள். படம் இல்லை. பஸ் பெயர்கள் இருந்தன, கடைப் பலகைகள் இருந்தன. மதுரனின் இழுப்பறை மட்டும் இல்லை.

துரைராசா கல்லாவைப் பார்த்தபடி இருந்தார்.

"தேடாதை பிள்ளை. நான்தான் அழிச்சுப்போட்டன். கேள்விப்பட்ட அண்டைக்கே."

பிரியந்தி திரும்பிப் பார்த்தாள்.

"நான் யாழ்ப்பாணத்தான். என்ர கடையில துவக்கு மாதிரி ஒரு படம் இருந்தா, கீழ என்ன எழுதியிருக்கெண்டு ஆர் நிண்டு வாசிப்பினம்? எனக்கும் ரெண்டு பெம்பிளைப் பிள்ளையள்."

"நான் எழுதியிருந்தேனே முதலாளி. டிரில்லுன்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேனே" என்றாள் அவள். அவர்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை. மறுபடி திரையின் பக்கம் திரும்பி, அந்தப் படத்தை மனதிலிருந்தே வரையத் தொடங்கினாள். எந்த ஸ்பேனர் எந்தப் பக்கம், எது எதற்குக் கீழே என்று அவள் கைக்கு மறக்கவில்லை. வரைந்ததைக் கொண்டுபோனபோது சட்டத்தரணி அவள் தலையைத் தடவி, நேற்று வரைந்த படத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை மகள் என்றார்.

தவணை தவணையாகத் தள்ளி, ஒருநாள் பெட்டியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். காளியாயி பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி முன்வரிசையில் இருந்தாள். இன்றைக்கு வைத்துப் பார்த்துவிடுவார்கள். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே சாமான்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன, அவன் முதலில் கடைக்குக் கொண்டுவந்தபோது கிடந்தது மாதிரியே. ரப்பர் இல்லை. அடியில் எதையாவது ஒளித்திருக்கிறானா என்று பார்க்க முதல் நாளே கிழித்து எறிந்துவிட்டார்களாம். துப்பாக்கி வடிவத்தில் பள்ளம் இருந்தது என்ற அறிக்கை மட்டும் பத்திரமாக இருந்தது.

பிரியந்திக்குத்தான் சட்டென்று நினைவு வந்தது. அவள் காளியாயியின் காதில் ஏதோ சொன்னாள். காளியாயி தோளில் தொங்கிய சேலைப் பையிலிருந்து, மலைக்குப் போகாத நாளிலும் கூடவே வைத்திருக்கும் தன் தலைத்துண்டை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, அந்த ரப்பர் துண்டை வெளியே எடுத்தாள். பள்ளத்திலிருந்து அறுத்தெடுத்த அதே துண்டு.

சட்டத்தரணி அதை வாங்கி நீதவானிடம் காட்டி, அதன்மேல் டிரில் மெஷினை வைத்தார். பிடி பொருந்தியது. விரல் வளைவு பொருந்தியது. ஆனால் மூக்குப் பக்கம் கூடைக் கயிறு அழுந்தி அழுந்தி, ரப்பர் நசுங்கிக் கோணிப்போயிருந்தது. நடுவில் கயிற்றின் தடம் ஆழமாக ஓடியது. அரசாங்கப் பக்கத்துச் சட்டத்தரணி, இது எதன் வடிவம் என்றே சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

நீதவான் அந்தத் துண்டைக் கையில் வைத்து அந்தத் தடத்தைப் பார்த்தார். இந்தத் தடம் என்ன என்று கேட்டார். கூடைக் கயிறு என்று சட்டத்தரணி சொன்னார். நீதவான் காளியாயியின் நெற்றிக்கு மேலே, முடி தேய்ந்துபோன இடத்தைப் பார்த்தார். எனக்கு விளங்குகிறது என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்தவரை விடுவிக்க எனக்கு அதிகாரம் இல்லை, மேலிடத்து அனுமதி வர வேண்டும் என்று சொல்லி, அடுத்த தவணையைக் குறித்துவிட்டு, துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பின்வரிசையில், யாரும் கூப்பிடாமலே வந்து, துரைராசா நின்றுகொண்டிருந்தார். நான் அழித்தேன் என்று சொல்லத்தான் வந்தாராம். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தை வந்தது, போனது. அடுத்த தையும் போனது. சண்டை முடிந்து, வெடி போட்டு, கொடி ஏற்றி, அதற்கும் பிறகு ஒருநாள் அந்த அனுமதி வந்தது. வழக்கு இல்லை, போகலாம் என்றார்கள். எதற்காகப் பிடித்தோம் என்று சொல்லாதவர்கள், எதற்காக விட்டோம் என்றும் சொல்லவில்லை.

மதுரன் லயத்துக்குள் வந்தபோது, டிரில் மெஷின் சாமிப் படத்தின் முன்னால் இருந்தது. தவணைகளுக்கு எடுத்துப் போன நேரம் தவிர அது வேறெங்கும் இருந்ததில்லை. காளியாயி அதைத் துடைத்துச் சந்தனம் வைத்திருந்தாள். மகன் குளித்து, சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"எடுத்துக்க சாமி. பூசை முடிஞ்சிருச்சு" என்றாள்.

மதுரன் குனிந்து அதை எடுத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்து, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைத் தூக்குவதுபோல் தூக்கினான். கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தான். காளியாயிக்கு விளங்கவில்லை.

"பிடியைப் புடி தம்பி. விழுந்துறப் போவுது."

"வேணாம்மா" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனான்.

பிரியந்தியிடம் ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வைத்துச் சொன்னான், அதுவும் தண்ணீர் விழுகிற சத்தத்தில்.

"உள்ள வச்சு, புடிச்சுக் காட்டச் சொல்லுவாங்க. கையில ஒன்னும் குடுக்க மாட்டாங்க, வெறுங்கை. டிரில் புடிக்கிற மாதிரி காட்டினா அடிப்பாங்க. சும்மா கெடந்தாலும் அடிப்பாங்க. கடைசியில அவங்க கேட்ட மாதிரியே காட்டினேன். அதை எழுதிக்கிட்டாங்க. இப்ப அந்தப் பிடியைப் பாத்தா, எதைப் புடிக்கிறேன்னு எனக்கே தெரியல."

அவள் அவன் வலது கையை எடுத்துத் தன் குடத்தின் வாயில் வைத்து, இதைப் பிடி மச்சான் என்றாள். அவன் பிடித்தான். குடம் நிரம்பும்வரை பிடித்தான்.

தையில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. பழைய முதலாளி கூப்பிட்டார், மதுரன் போகவில்லை. தொழிற்சாலைப் பட்டறையிலும் அவனுக்கு இடம் தர ஆயத்தமாகத்தான் இருந்தார்கள். அவன் கொழுந்துச் சாக்கு இறக்குகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த இரும்புப் பெட்டி திரும்பி வரவே இல்லை. வேறொரு பெட்டிக்கு மறுபடியும் வெட்டித் தரவா என்று பிரியந்தி கேட்கவும் இல்லை. கடையில் இருக்கிற கணினியில் அவள் மனதிலிருந்து வரைந்த படம் இன்னும் இருக்கிறது. துரைராசா அதை அழிக்கவில்லை. புதுக் கணினி வாங்கியபோதும் அதை முதலில் மாற்றி வைத்தவர் அவர்தான் என்று பிரியந்தி சொன்னாள்.

அடுத்த சரஸ்வதி பூசைக்குக் காளியாயி கூடையை வைத்தாள். பிரியந்தி தன் பிளேடை வைத்தாள். டிரில் மெஷின் ஏற்கெனவே அங்கே இருந்தது. அதற்கு இந்த முறை மாலை போடவில்லை. மதுரன் வாசல் படியில் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். மறுநாள் விடிந்து, கற்பூரம் காட்டி முடித்ததும், அவரவர் சாமானை அவரவர் எடுத்தார்கள். டிரில் மெஷினை யாரும் எடுக்கவில்லை.

காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று காளியாயி அவசரமாகக் கூடையைத் தூக்கினாள். ரப்பர் துண்டைத் துணிக்குள் மடித்துத் தலையில் வைத்து, பழைய தடத்திலேயே கயிற்றைப் போட்டுக்கொண்டு, மலைக்கு ஏறினாள்.